பயறுக்குக் கிடைத்த தண்ணீர்

நான்காம் வகுப்பில் எங்கள் டீச்சர் இயற்கைப் பாடத்தை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பிப் பாசிப்பயறு போட வேண்டும். அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். நாகல் நகர்ப் பிள்ளைகளின் பயறு இலை விட்டு நிமிர்ந்தது. பேகம்பூரில், தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டித்தான் எங்கள் தெருக் கிணறு. எங்கள் பயறு முளைவிட்ட இடத்திலேயே கருகியது.

"ஒழுங்காத் தண்ணி ஊத்துனாத்தானே? சோம்பேறிக் கழுதைகளா!" என்று டீச்சர் திட்டினார். மறுபடி போட்டோம். மறுபடியும் கருகியது. என் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தவர் உடனே துப்பினார். அதற்குப் பிறகு திட்டவில்லை.

வீட்டில் சொன்னேன். அந்த ஷாப்பில்தான் அத்தா தோல் அலசினார். தட்டிலிருந்து தலை தூக்காமலே, "சோறும் அங்கிட்டிருந்துதான் வருது, தண்ணியும் அங்கிட்டிருந்துதான் வருது. வாய மூடிக்கிட்டுப் படி" என்றார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். வேறு தெருவுக்குப் போகலாம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள் அவள்.

டீச்சர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் சிரட்டைகளுக்கு மட்டும் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். பயறு ஜம்மென்று முளைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வெயிலில் நடந்து வீடு வந்து, எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரைப் பானையில் மொண்டு இரண்டு டம்ளர் குடித்தேன்.