சங்கத்தார் பங்கிட்டுக்கொண்ட அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

அக்காவைப் பற்றிப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதினால் நன்றாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அவர்களும் முன்வந்தார்கள். அட்டையில் சங்கச் சின்னத்தைப் போடலாமா என்றுகூடக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சங்கத்தில் சேர்வதற்கு முன் அவர் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அந்த ஆண்டுகளை அறிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

அக்கா 1936இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனைக் குடியிருப்பில் பிறந்தார். அப்பா அங்கே டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவத்துக்கு வண்டி ஏற்பாடு செய்வது வரை அவர் வேலை. நான் 1945இல் பிறந்தேன். எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா காய்ச்சலில் காலமானார். பன்னிரண்டு வயது அக்கா ஓராண்டு பள்ளிக்கூடம் போகாமல் என்னைப் பார்த்துக்கொண்டார். பிறகு, காலையில் என்னை எழுப்பி முகம் கழுவவைத்துப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து படித்து ஆசிரியையானார். இரண்டு வரன்கள் வந்தன, இரண்டையும் மறுத்தார். அதற்கு நான் காரணமா என்று அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர் அவர். நான் 1971இல் பட்டம் பெற்றேன். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகம் தபாலில் அனுப்பிய பாடங்களை மாலை வேளைகளில் படித்து, பள்ளி விடுமுறைகளில் மட்டும் வளாகத்தில் தங்கி, 1982இல் அவரும் பட்டம் பெற்றார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்காக வட சிலாங்கூர் பழைய மாணவர் சங்கத்தை 1980இல் தொடங்கியவர்கள் ஆறு பேர். நான் செயலாளர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கோலா சிலாங்கூரில் ஒரு விடுதிக் கூடத்தில் கூடுவோம். வரவேற்புரை, அறிக்கை, தேநீர், நன்றியுரை எல்லாம் முறைப்படி நடக்கும். உறுப்பினர்கள்தான் வரமாட்டார்கள். உள்தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்ட இளம் பட்டதாரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து கிடையாது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

அக்கா 1983இல் சேர்ந்ததாகச் சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அது பிழை. 1982 அக்டோபரில் சேர்ந்தார். என் காரில்தான் வந்தார். அன்று கணக்காய்வாளர் ஒருவர், “தபால்ல படிச்சவங்களும் பழைய மாணவர்தானா?” என்று கேட்டார். நான் பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் அக்கா, “ஆமா சார். தபால் எப்பவும் லேட்டாத்தானே வரும்? அதான் இப்ப வந்து சேர்ந்திருக்கேன்” என்றார். கணக்காய்வாளர்தான் முதலில் சிரித்தார். தேநீருக்கு எழுந்தபோது எல்லாரும் அக்காவைச் சுற்றி நின்றார்கள். நான் அறிக்கைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தடுத்த கூட்டங்களில் அவர் வந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை; வராதவர்களைப் பற்றியே விசாரித்தார். பிறகு, வராதவர்கள் வீட்டுக்கு நாம் போவோம் என்றார். கோலா குபு பாருவுக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளியில் செல்வி என்ற இளம் ஆசிரியை தனியாக இருந்தார். அவரும் எங்கள் பல்கலைக்கழகம்தான். அவருக்கு நான் அனுப்பிய அழைப்புகளுக்குப் பதில் வந்ததே இல்லை. அக்கா பாசிர் பெனம்பாங்கில் இறால் வாங்கிச் சம்பல் செய்தார். எட்டுப் பேர் இரண்டு கார்களில் போனோம். கதவைத் திறந்த செல்வி, வீட்டில் இரண்டு தட்டுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வாசலுக்கு விருந்தாளி என்று ஒருவரும் வந்ததில்லையாம். அக்கா பின்பக்கம் போய் வாழை இலை அறுத்துக்கொண்டு வந்தார். அன்றைய அறிக்கையை நான் வாசிக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பின் எல்லாக் கூட்டங்களும் வீடுகளில்தான். யார் தொலைவில் தனியாக இருக்கிறாரோ அவர் வீடு முதலில். சங்கம் வளர்ந்தது. வேலை மாற்றத்துக்கு வழி சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். ஒருவருக்கொருவர் பெண் பார்த்தார்கள். நான் தொடங்கிய சங்கத்தில் எல்லாருக்கும் அவர் அக்காவானார். அவரைவிட இரண்டு வயது மூத்த கணக்காய்வாளருக்கும் அக்கா. யாருக்குச் சர்க்கரை, யார் மனைவி கர்ப்பம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். செல்வியின் திருமணம் 1986 செப்டம்பரில் நடந்தது. பந்தல் வேலையில் இருந்த அக்கா, அந்த ஆண்டுதான் முதன்முறையாக என் பிறந்தநாளுக்கு வரவில்லை. வாழ்த்து அட்டை வந்தது, இரண்டு நாள் கழித்து.

என்னை உறுத்தியது வேறொன்று. புதியவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, “இவர் நம்ம செயலாளர்” என்பார். தம்பி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் செல்வி ஒருமுறை, “சார், உங்களுக்கு அக்காவை எந்த வருஷத்திலேருந்து பழக்கம்?” என்று கேட்டார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தஞ்சு” என்றேன்.

அன்று திரும்பி வரும்போது காரில் அக்காவிடம் கேட்டேன்.

“என்னைத் தம்பின்னு சொல்லிக்க வெக்கமாக்கா?”

“அந்தப் புள்ளைங்க வீட்டை விட்டு வந்து தனியா கெடக்குதுங்கடா. இவன்தான் என் தம்பின்னு உன்னைக் காட்டிட்டா, மத்ததெல்லாம் வேத்தாளாயிடும்லா.”

“அப்ப நான் யாரு?”

“நீ எங்கடா போயிடப் போற?” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கினார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1988இன் தொடக்கத்தில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி வாரங்களில் மருத்துவமனையில் இருந்தார். அது பெண்கள் வார்டு; பார்வை நேரம் முடிந்தால் ஆண்கள் வெளியேற வேண்டும். துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். சங்கத்துப் பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். என் மனைவிக்கும் அதில் ஒரு முறை கிடைத்தது. எனக்குத்தான் இல்லை. பார்வை நேரத்திலாவது நான் தனியாக உட்காரலாம் என்றால், கட்டிலைச் சுற்றிச் சங்கத்தார் நிற்பார்கள். ஒருநாள் வாசலிலேயே இருவரை மறித்து, அக்காவுக்கு அசதியாக இருக்கிறது, நாளை வாருங்கள் என்றேன். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

“என்னடா, படக்கொட்டகை மாதிரி வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கிற? உள்ள விடு.”

விட்டேன். அவர்கள் போகும்வரை சுவரோரமாக நின்றேன்.

அக்கா அந்த ஆண்டு நவம்பரில், ஒரு விடியற்காலையில் இறைவனிடம் சென்றார். அப்போது பக்கத்தில் இருந்தவர் செல்வி. அடக்கம் முடிந்த பிறகு, அக்கா கடைசியாக என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டேன். சன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொன்னாராம். பிறகு, பள்ளிக்கு நேரமாகிறது, முகம் கழுவிக்கொள் என்றாராம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். செல்வி யோசித்துப் பார்த்துவிட்டு, “இல்லை சார்” என்றார். சொன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், திருப்பலி நிறைவேற்றும் பங்குத்தந்தைக்கும், அடக்கத்துக்குத் தோட்டத்திலிருந்து லோரி பிடித்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சங்கத்தார், நாங்களும் குடும்பம்தானே, எங்களுக்கு எதற்கு நன்றி என்றார்கள். அதை நான் ஏற்கவில்லை. உங்களுக்கும் நன்றி. வெளியே இருந்து வந்து இவ்வளவு செய்தீர்கள் என்பதற்காகவே நன்றி.

செல்வி, உண்மையைச் சொன்னதற்கும், அந்த விடியற்காலையில் அக்காவின் பக்கத்து நாற்காலியில் இருந்ததற்கும் உங்களுக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். அந்த நாற்காலி என்னுடையது.

அன்புடன்,
அவருடன் பிறந்த ஒரே தம்பி