துணைத் தலைவர் சுட்டார்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், வேடசந்தூர் மில் பஸ் எங்கள் வீட்டு முன்னால் வந்து நிற்கும் நேரம் அது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் வெளிச்சுவரில் தொங்கிய கரும்பலகையைச் சத்தமாகப் படித்தார். நான் உள்ளே இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். குரல் கேட்டது. கவனிக்கவில்லை.

அந்தப் பலகை, சாயங்காலம் நான் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதற்காக மாட்டியது. அன்று அதில் எழுதியிருந்தவள் என் மகள். பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். பத்து மணிக்கு அமெரிக்க வரலாற்றுப் பரீட்சை. போன முறை அதில் இரண்டு மதிப்பெண்ணில் தவறியிருந்தாள். இந்த முறையும் தவறினால் படிப்பு போதும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டு, ரயில்வே வேலையாக ஈரோட்டுக்குப் போயிருந்தார். விடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. எழுதிப் பார்த்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். "வெளியில வெளிச்சம் வந்துருச்சு, போர்டுல எழுதிப் பாரு" என்று சொன்னது நான்தான்.

விடைக்கான குறிப்பு மட்டும் எழுதியிருந்தாள். நாட்டின் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை.

பெருந்தலைவர் மறைந்தார்.
கட்சி இரண்டாக உடைந்தது.
இருவருக்கும் சம ஓட்டு.
துணைத் தலைவர் சுட்டார்.
மறுநாள் அவர் இறந்தார்.

எல்லாம் அமெரிக்காவில் ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன் நடந்தது. நாட்டை உண்டாக்கிய தலைவர் இறந்தபின் ஆளும் கட்சிக்குள்ளேயே சண்டை. தேர்தலில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த இரண்டு பேருக்குச் சமமான ஓட்டு. சபை முப்பத்தாறு முறை ஓட்டுப் போட்டு ஒருவரைத் தலைவராக்க, மற்றவர் துணைத் தலைவரானார். தன் வழியில் குறுக்கே நின்ற பழைய ஆளுங்கட்சித் தலைவர் ஒருவரை அவர் சில வருடம் கழித்து ஆற்றங்கரைக்கு வரச்சொல்லி, எதிரெதிரே நின்று சுட்டார். எனக்கு அது பத்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருடம் எங்கள் பக்கத்திலும் ஒரு பெருந்தலைவர் மறைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் கட்சியும் இரண்டாக உடைந்திருந்தது. எங்கள் வார்டில் அந்தக் கட்சியின் தலைவர் ஒரு பக்கம், துணைத் தலைவர் இன்னொரு பக்கம். கட்சி ஆபீஸ் சாவி யாரிடம் இருப்பது என்பதற்காக இரண்டு முறை போலீஸ் வந்து போயிருந்தது. மில் பஸ் அந்த ஐந்து வரியையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஏழரை மணிக்கு வாசலில் எட்டுப் பேர்.

"டீச்சர், இது யாரு எழுதுனது?"

கேட்டவன் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், தலைவரின் ஆள். தினமும் எனக்கு வணக்கம் சொல்பவன். அன்று சொல்லவில்லை.

"நான்தான்" என்றேன். மகள் பெயர் வெளியே வரக்கூடாது என்பது மட்டுமே மனதில் இருந்தது. அதுவே தப்பாகிவிட்டது.

"அப்ப ஒங்களுக்குத்தான் வெவரம் தெரியும். தலைவர் நேத்து பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்குப் போனவரு இன்னும் வீடு வரல. எங்க வச்சுச் சுட்டான்? சொல்லுங்க."

"யாரும் சுடலப்பா. அது பாடம்."

"பாடத்துல கட்சி ஒடையுமா டீச்சர்? நாங்களும் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவுகதான்."

சொல்லச் சொல்லக் கேட்காமல் மகள் புத்தகத்தோடு வெளியே வந்துவிட்டாள். "அண்ணே, இது அமெரிக்கா."

"அங்க ஏதும்மா துணைத் தலைவர்?"

"அங்கயும் உண்டுண்ணே." படத்தைக் காட்டினாள்.

"சுட்டது இவனா? ஏலே, சடை போட்டிருக்கான் பாருங்கலே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் துணைத் தலைவரின் ஆட்கள் தெருவுக்குள் நுழைந்தார்கள்.

"எங்காளக் கொலகாரன்னு எழுதி வச்சது எவ?"

முன்னால் வந்தவன் கையில் சைக்கிள் செயினைச் சுற்றியிருந்தான். மகளை உள்ளே தள்ளிக் கம்பிக் கதவைப் பூட்டி, சாவியோடு நான் வெளியே நின்றேன்.

"சுடலைன்னா ஒங்காளு எங்கலே? விடிஞ்சதுலருந்து ஆளையே காணோம்?" என்றான் சைக்கிள் கடைக்காரன்.

"ஒங்காளு எங்கன்னு மொதல்ல நீ சொல்லு!"

இரண்டு பக்கமும் சத்தம் கூடியது. பலகையை அழிக்கலாமென்று ஈரத்துணியை எடுத்தேன். "சாட்சிய அழிக்காதீக டீச்சர்" என்று சைக்கிள் கடைக்காரன் குறுக்கே கை நீட்டினான். ஒரு கல் வந்து என் காதருகே சுவரில் பட்டது. காரை உதிர்ந்து தலைமுடியில் விழுந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டவுன் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் போகவேண்டிய பஸ்.

"அம்மா, நடந்தே போயிருவேன். கதவத் தொற."

கம்பிக்குப் பின்னால் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திறக்கவில்லை. பிள்ளையின் படிப்பா, பிள்ளையா என்று அந்த அரைமணி நேரம் எனக்குள் ஓடியதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. இப்போதும் வாசலில் யாராவது உரக்க "டீச்சர்" என்று கூப்பிட்டால், கை தானாகச் சாவியைத் தேடுகிறது.

ஒன்பது இருபதுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு மொபெட் வந்தது. ஓட்டியவர் துணைத் தலைவர். பின்னால், மடியில் மஞ்சள் பையோடு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தலைவர். மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர். தான் கொலை செய்துவிட்டதாகக் கேள்விப்பட்ட துணைத் தலைவர், ஏழு மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நின்று, பழனியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறித் தேடியிருக்கிறார். செத்தவர் வந்தால்தானே அவருக்கு விடுதலை!

தலைவர் இறங்கிப் பலகையை உதடசைத்து முழுவதும் படித்தார்.

"நான் எப்பலே செத்தேன்? எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலையே?"

"இல்லண்ணே, எழுதியிருந்துச்சு..." என்றான் சைக்கிள் கடைக்காரன்.

"எழுதியிருந்தா கொண்டுபோய்ப் பொதச்சுருவியா? தள்ளுங்கலே. எனக்கும் இவனுக்கும் உள்ள சண்ட அப்படியேதான் இருக்கு, அத நாங்க பாத்துக்கிறோம். பாப்பா, நீ வண்டியில ஏறு. இவன் கொண்டுபோய் விடுவான்."

கூட்டம் விலகியது. எனக்குத்தான் சாவி பூட்டில் நுழையவில்லை. இத்தனை கலவரத்துக்கும் காரணமான ஆளின் பின்னால் மகளை உட்காரவைத்து அனுப்பவேண்டும். நான் பூட்டோடு மல்லாடுவதைத் தலைவர் பார்த்துவிட்டார்.

"பயப்படாம அனுப்புங்க டீச்சர்" என்றார். "துப்பாக்கிய விடுங்க, இவனுக்கு ஒரு வடை கூடச் சுடத் தெரியாது."