ஆளுக்கொரு ஜன்னல்

என் கணவரோடு நான் போட்ட முதல் சண்டை மெட்ராஸில், கப்பல் டிக்கெட் கொடுக்கும் கவுண்டரின் முன்னால் நடந்தது. சண்டை நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அறுபதுகளின் நடுவில், அப்பாவும் பக்கத்தில் நிற்கும்போது, ஒரு பெண் அதற்கு மேல் சண்டை போட வழியில்லை.

கவுண்டரில் இருந்தவர் என் கணவருக்குத் தெரிந்தவர். கணவருக்குப் போர்ட் பிளேரில் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா வேலை. அவர் தகுதிக்குக் கிடைக்க வேண்டியது பங்க். அதாவது கப்பலின் அடிவயிற்றில் ஊர் ஜனம் மொத்தமும் அடுக்குப் படுக்கைகளில் கிடந்து போகிற வகுப்பு. அங்கே தள்ளாமல் எங்களைக் கேபினில் ஏற்றிவிட அந்த நல்ல மனிதர் தயாராக இருந்தார்.

"ரெண்டு பேர் படுக்கற கேபின் ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். கீழே, உள்பக்கம். ஜன்னல் கிடையாது, கொஞ்சம் புழுங்கும். இல்லேன்னா மேல்தட்டுல இடம் இருக்கு. பெரிய ஜன்னல், கதவைத் திறந்தா வராந்தா. கம்பியைப் பிடிச்சு நின்னு கடலைப் பார்த்துக்கிட்டே போகலாம். ஆனா அதெல்லாம் நாலு பேர் கேபின். லேடீஸ் தனி, ஜென்ட்ஸ் தனி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "புதுசா குடித்தனம் பண்ணப் போறவங்களுக்கு ஜன்னல் எதுக்கு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம்.

"இல்லீங்க, மேலயே குடுத்துருங்க," என்றார் என் கணவர். "இவ கடலையே பார்த்ததில்லை. தனித்தனியா இருந்தாப் பரவாயில்லை."

பரவாயில்லையாம்!

அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏன் அப்படிக் கொதித்தேன் என்று தெரிய, அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். மழையே விருந்தாளி மாதிரி வந்து போகிற பூமி. அங்கே 'கப்பல் ஆபீஸ் மாப்பிள்ளை' என்று சொல்லிச் சொல்லியே அப்பா கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். கப்பலையே மாப்பிள்ளைதான் ஓட்டுகிறார் என்று பாதி ஊர் நம்பியது, அப்பா திருத்தவில்லை. கல்யாணமாகிப் பத்து நாளில் லீவு முடிந்து, வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போகிறேன் என்று கிளம்பியவர்தான். பொங்கலுக்கு வரவில்லை. ஆடிக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றே எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் அங்கே அடைத்து வைத்த கைதிக்குக்கூட இதைவிட லீவு கொடுத்திருப்பான் என்றார் சித்தப்பா.

ஊர் சும்மா இருக்குமா? அந்தமானில் அவருக்கு ஒரு பர்மாக்காரி இருக்கிறாள் என்று கிணற்றடியில் ஆரம்பித்தார்கள். பேச்சு மளிகைக் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு ஒரு ஆண் குழந்தையும் பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, அந்தக் குழந்தை என்னை அம்மா என்று கூப்பிடுமா சித்தி என்று கூப்பிடுமா என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். நான் அவளோடு பேச்சை விட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் குழந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று நானே யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

இந்த நிலையில், ஒருவழியாக வந்து சேர்ந்த மனிதர், பெண்டாட்டியோடு ஒரே அறையில் போகக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்கிறார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒளித்துப் பேசுகிற ஆள் இல்லை. மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணு, போய்ப் பாரு. இதே கப்பல் பத்துப் பன்னெண்டு நாள்ல அங்கிருந்து மறுபடி இங்க கிளம்புமாம். அங்க ஏதாச்சும் சரியில்லீன்னு பட்டுச்சுன்னா அதுலயே ஏறி வந்துரு. நான் இங்க ஹார்பர்ல வந்து நிக்கறேன். மாப்பிள்ளை, நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

"சரிங்க மாமா," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

கப்பல் ஏறியதும் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சலவைச் சட்டையோடு என் கேபின் வாசலுக்கு வந்து, வராந்தாவில் என்னை நிறுத்தி, அது கிரேன், இது நங்கூரம், அதோ அது இழுவைப் படகு என்று காட்டிக்கொண்டே வந்தார். சங்கு ஊதியது. கரை நகர ஆரம்பித்தது. "எனக்குக் கொஞ்சம் வேலையிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கப்பலில் என்ன வேலை? எங்கள் ஊர்க்காரர்கள் நம்பியது போல இவர்தான் ஓட்டப்போகிறாரா?

மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. பரிமாறுகிற ஆளிடம் கேட்டால் "பாபுஜி சோயா ஹுவா ஹை" என்றான். தூங்குகிறாராம். ஒன்றரை வருஷம் கழித்துப் பெண்டாட்டியைக் கூட்டிப் போகிறவருக்கு அப்படி என்ன தூக்கம்? கப்பலிலேயே யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். வராந்தாவில் போகிற வருகிற பெண்களையெல்லாம், பாவம், முறைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் எனக்காக வாங்கிக் கொடுத்த கடல் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. முதல் நாள் அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இரண்டாம் நாள் ஜன்னலில் ஒரு நேரம் முழுக்க வானம், மறு நேரம் முழுக்கத் தண்ணீர். மேல்தட்டு என்றால் கப்பலின் ஆட்டம் அங்கேதான் அதிகம் என்பதைக் கவுண்டர்காரர் சொல்லவில்லை. என் பெட்டி தானாகவே கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு எங்கள் குடும்பத்துக்கு.

என் கேபினில் இருந்த மற்ற இரண்டு பேரில் ஒருவர் மலையாளத்து நர்ஸ். போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு படுத்தவர், கரை வரும்வரை எழுந்திருக்கவில்லை. இன்னொருவர் போர்ட் பிளேரில் ஜங்லிகாட் என்கிற பேட்டையில் வீடு வைத்திருந்த ஓவர்சியர் ஒருவரின் மனைவி. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழும் இந்தியும் அவர் வாயில் சாம்பாரும் சாதமுமாகக் கலந்து வரும். எந்த ஆட்டத்திலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். தீவில் அவருக்குத் தெரியாத வீடு இல்லை என்று முதல் நாளே புரிந்துவிட்டது. அவரிடம் கேட்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க மனசுக்குள் இழுபறி. இரண்டாம் நாள் மத்தியானம் கேட்டே விட்டேன்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு அங்க வேற யாராச்சும் பொம்பளை இருக்காங்களா? மறைக்காம சொல்லுங்க."

அக்கா மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "யாரு, ஹார்பர் ஆபீஸ் பாபுவுக்கா? அரே பாப்பா, அந்த பேச்சாரா, பாவப்பட்ட மனுஷனுக்கு ஔரத்தா, பொம்பளையா?" என்று ஆரம்பித்தவர் சிரிப்பு தாங்காமல் நர்ஸின் காலைத் தட்டினார். "அவருக்கு ஜஹாஸ், கப்பல்னாலே டர். பயம். எதிர்க்கரை பாம்பூ ஃப்ளாட்டுக்கு லாஞ்ச் படகுல எவ்வளவு தூரம்? இங்க ஏறினா அங்க இறங்கணும், அவ்ளோதான். அதுலயே படுத்துட்டார். என் வீட்டுக்காரர்தான் இன்னொரு ஆளோட சேர்ந்து தூக்கிட்டு வந்தது. ஆபீஸ் பூரா தெரியும், உனக்குத் தெரியாதா? இப்ப அவர் கேபின்ல விழுந்து கிடப்பார், போய்ப் பாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் செருப்பைத் தேடினேன்.

ஆண்கள் கேபினுக்குள் ஒரு பெண் போவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. ஆனால் கதவைத் திறந்தவர், அவரோடு அதே கேபினில் வந்த ஒரு கான்ட்ராக்டர், என்னைக் கண்டதும் குலதெய்வத்தைக் கண்டது போல வழி விட்டார். "நீங்க இவர் சம்சாரமாம்மா? தயவு செஞ்சு கூட்டிட்டுப் போயிருங்க. ரெண்டு நாளா நாங்க வராந்தாவுலதான் குடியிருக்கோம்." உள்ளே பெரிய ஜன்னல் வழியாகக் கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாளியைக் கட்டிப் பிடித்தபடி, சலவைச் சட்டை சலவைச் சட்டையாக இல்லாமல், என் கணவர் கிடந்தார். முகம் வாழைத்தண்டு நிறத்துக்குப் போயிருந்தது.

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார். அதைச் சொல்லி முடிக்கவில்லை, வாளி தேவைப்பட்டது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு, கேபின்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியிடம் போனேன். அந்த ஜன்னல் இல்லாத கேபினை யாரும் சீந்தவில்லை, காலியாகத்தான் இருந்தது. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா இந்தியில் பொழிந்த பொழிவில், அவர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். கான்ட்ராக்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தாங்கி, ஏணிப்படி ஏணிப்படியாக இறக்கினோம்.

அந்தக் கேபினை வர்ணிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, தலைக்கு மேல் ஒரு குழாய், சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி மில் மாதிரி ஓயாத இன்ஜின். டீசல் நாற்றம். ஆனால் கப்பலின் நடுமையம் அது, ஆட்டம் பாதிதான். நாங்கள் இரண்டு பேரும் முதல் முதலாகத் தனிக்குடித்தனம் நடத்திய இடம் அதுதான். வாளியையும் சேர்த்தால் மூன்று பேர்.

மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். லீவெல்லாம் கிடைத்துக்கொண்டுதான் இருந்ததாம். ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்து, வாங்கி, துறைமுகம் வரை வந்து, கப்பல் சங்கு ஊதியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாராம். இந்தத் தடவைதான் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டாராம். இந்த லட்சணத்தை நான் பார்க்க வேண்டாம் என்றுதான் தனித்தனி ஜன்னல். கரை வருகிற அன்று முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கலாம் என்று திட்டம்.

"இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

"உங்கப்பா கப்பல் ஆபீஸ் மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார். நான் போய், எனக்குக் கப்பல் ஆகாதுன்னு எழுதவா? வாந்தி எடுக்கற மாப்பிள்ளைன்னு சிரிக்க மாட்டாங்களா?"

"ஏனுங்க, வேறொருத்திய வச்சிருக்கற மாப்பிள்ளைன்னு சொன்னாங்களே, அது மட்டும் பரவாயில்லையா?"

அவருக்கு அது நிஜமாகவே தெரியாது. எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "யாரு சொன்னது?" என்றார். கிணற்றடியையும் மளிகைக் கடையையும் பிள்ளையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம்தான் ஏறியது. பரிதாபமெல்லாம் வாளிக்கு மட்டும்தான். தன் மானத்தைக் காப்பாற்ற என் மானத்தைக் காற்றில் விட்டிருக்கிறார், அது அவருக்குத் தோன்றவே இல்லை. இவரோடு இருப்பதா, அதே கப்பலில் திரும்புவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு மேல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

ஜங்லிகாட்டில் அவர் பார்த்து வைத்திருந்த வீடு தகரக் கூரை போட்ட மர வீடு. ஓவர்சியர் அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவர் ஆபீஸ் போன முதல் நாளே வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். அக்கா சொன்னதை நம்பினேன், ஆனாலும் தேடினேன். கிடைத்ததெல்லாம் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில்களும் பொத்தல் பனியன்களும்தான். அங்கே ஒரு பெண் இருந்திருந்தால் அந்தப் பனியன்களை என்றோ கரித்துணி ஆக்கியிருப்பாள்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காலையில் தண்ணீர் பிடித்து வைப்பார், சாயங்காலம் மீன் வாங்கி வருவார், அளவாகப் பேசுவார். நானும் என் பெட்டியைப் பாதிதான் பிரித்திருந்தேன். மழை தகரத்தில் கொட்டும்போது பேசாமல் இருப்பதற்கு அது ஒரு சாக்காக இருந்தது.

ஒரு சாயங்காலம் வாசலில் நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "ஜஹாஸ் நாளன்னிக்குக் கிளம்புது. உங்கப்பா அங்க வந்து நிப்பார். போறதுன்னா சொல்லு, ரெண்டு டிக்கெட் வாங்கணும்."

"எதுக்கு ரெண்டு? அக்காவுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் போவாங்க. நான் துணைக்குச் சேர்ந்துக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம். நான்தான் கூட்டிட்டு வந்தேன், நானே கொண்டு போய் உங்கப்பா கையில விட்டுட்டு, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு வரேன்."

டிக்கெட் என்று சொல்லும்போதே முகம் வாழைத்தண்டாகிவிட்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கூட்டிவர ஒன்றரை வருஷம் துணியாத மனிதர், என்னை இழந்துவிட்டு வருவதற்காகப் போகவும் வரவும் அந்தக் கடலில் சாகத் துணிந்து நிற்கிறார். எனக்கு அழுகை வந்தது. இந்த மண்டைக்கு இதை முன்னாலேயே செய்யத் தெரியவில்லையே என்று கோபமும் வந்தது.

"வேண்டாம், விடுங்க," என்றேன். "கப்பலைக் கழுவறவங்க பாவம்."