லாபிஸில் ஒன்பது மைக், ஒன்பது திட்டு

பழைய டைனமிக் மைக் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் கூட வர ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். டுரியான் பழம் வாங்கப் போகிறேன் என்றால் வீட்டிலேயே ஆள் கிடைக்கும். போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து நானும் என் மனைவி புஷ்பாவும் கிளம்பினோம். அவளைப் பொறுத்தவரை அது பெக்கோக் டுரியானுக்கான பயணம். என்னைப் பொறுத்தவரை, காரின் பின்பக்கம் டுரியான் கூடைக்கு அடியில் பழைய சாரத்தில் சுற்றி ஒளித்து வைத்திருந்த லேப்டாப்புக்கான பயணம்.

இந்தத் திருட்டுத்தனத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் பேட்டை அம்மன் கோயிலில் ஆடி மாதம் முழுக்க மாலைப் பூசைக்கு முன்னால் ஒரு பாட்டு போடுவார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியது, புஷ்பா பாடியது. அந்தப் பழைய பதிவு தேய்ந்து, அம்மனுக்கே சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. புதிதாகப் பாடிக் கொடுங்கள் என்று செயலாளர் தைமாதமே சொல்லிவிட்டார். அதே மாதம் புஷ்பாவுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேசன். ஆபரேசன் நன்றாக முடிந்தது. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கி, ஓரத்தில் லேசாகக் கரகரத்தது.

நான் உதவி செய்யக் கிளம்பினேன். வீட்டில் எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்கும். தொள்ளாயிரம் ரிங்கிட் வெள்ளிக்கு வாங்கிய கண்டென்சர் மைக்கைப் படுக்கையறையில் நிறுத்தி அவளைப் பாட வைத்தேன். கண்டென்சர் மைக் சந்தேகப் பேர்வழி மாதிரி. வீட்டின் எந்த மூலையில் என்ன நடந்தாலும் அதற்குக் கேட்கும். பக்கத்து வீட்டு நாய், காற்றாடி, சிங்கப்பூர் வேலைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள் எல்லாம் பதிவில் விழுந்தன. அது போகட்டும். அவள் குரலில் இருந்த கரகரப்பை ஒரு இழை விடாமல் எடுத்து, எண்ணெய் தடவி, முன்னால் வைத்தது. போட்டுக் காட்டினேன். புஷ்பா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள்.

"யாரோ ஒரு பொம்பளை பாடுறா. நான் இல்ல."

அதோடு சரி. கோயிலில் பாடவில்லை. அதை விடுங்கள், சமையலறையிலும் பாடவில்லை. இருபத்தாறு வருடமாகக் காலையில் அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு. ஆபரேசனுக்குப் பிறகு கைத்தொலைபேசி மணிதான் எழுப்பியது. செயலாளர் வேறு, இந்த ஞாயிறு சாயங்காலம் வரைதான் பொறுப்பேன், அதற்குமேல் மூன்றாவது லோரோங்கில், அடுத்த சந்தில், இருக்கும் அம்மாவைப் பாடச் சொல்லிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். அவர் பாடத் தொடங்கினால் பூசாரி தீபாராதனையைச் சீக்கிரம் முடித்துவிடுவார் என்பது மட்டும் ஊரறிந்தது.

டைனமிக் மைக் வேறு ரகம். வாய்க்கு நேரே நின்று பேசுகிறவர் சொல்வதை மட்டும் கேட்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது. கூச்சலைத் தாங்கும். கீழே விழுந்தாலும் பிழைக்கும். பழைய காலத்து டைனமிக்குகளில் சிலதுக்கு மேல் ஸ்தாயி கொஞ்சம் மழுங்கலாக இருக்கும். கரகரத்த குரலுக்கு அந்த மழுங்கல்தான் மருந்து என்று எங்கேயோ படித்திருந்தேன். லாபிஸில் சேகர் என்பவர் கல்யாணம், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார். முழுக்க வயர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய மைக்குகளை விற்கிறார் என்று முகநூலில் பார்த்தேன். புஷ்பாவிடம் சொன்னால் வரமாட்டாள். ஆகவே டுரியான்.

வழி சுலபம். பாசிர் கூடாங் நெடுஞ்சாலை வழியாக ஏறி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து, யோங் பெங்கில் இறங்க வேண்டும். ஒன்பது மணிக்கு அங்கே ரொட்டி சானாயும் இழுத்து ஆற்றிய தே தாரேக்கும், இரண்டு பேருக்குப் பன்னிரண்டு வெள்ளி. பிறகு சாஆ வழியாகச் சாதாரண சாலை, இரண்டு பக்கமும் செம்பனை. லாரிக்குப் பின்னால் மாட்டினால் பொறுமை வேண்டும். என் மீட்டரில் நூற்று ஐம்பத்தாறு கிலோமீட்டர். லாபிஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து.

"பெக்கோக்குனு சொன்னீங்க. இது லாபிஸ்" என்றாள் புஷ்பா.

"ஒரு கூட்டாளியப் பார்த்து ஹலோ சொல்லிட்டுப் போயிடலாம்."

"உங்களுக்கு லாபிஸ்ல ஏதுங்க கூட்டாளி?"

பதில் சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று ஏர்கோனைப் போட்டுவிட்டு அவளைக் காரிலேயே உட்கார வைத்தேன். சாரத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன். அழுக்குத் துணியைக் கொண்டுபோய் ஒரு கூட்டாளிக்கு என்ன செய்யப்போகிறான் இவன் என்று அவள் பார்த்த பார்வை முதுகில் பட்டது.

சேகருக்கு நாற்பது வயது இருக்கும். கடை ரயில் தண்டவாளத்துக்குப் பின்வரிசையில், கதவு எப்போதும் திறந்தே. மேசையில் ஒன்பது மைக்கை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டி எண் போட்டிருந்தார். மூன்றாம் எண் பளபளவென்று குரோமில், பழைய படத்துத் தலைவர் கையில் பிடித்துப் பேசுவது போல இருந்தது. பார்த்ததுமே எனக்குக் காதல். ஆறாம் எண் தலையில் அடி வாங்கி ஒரு பக்கம் சப்பிக் கிடந்தது.

"அது ஏன் தம்பி இப்படி?"

"பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மீன் விக்கிறவருக்கு வாடகைக்கு விட்டது அண்ணே. கோவம் வந்தா மேசையில தட்டுவாரு. கழுவிட்டேன் லா, இப்ப வாடை இல்ல."

முகர்ந்து பார்த்தேன். கொஞ்சம் இருந்தது.

வேலையை ஆரம்பித்தோம். மைக் கையில் கிடைத்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் இரண்டு தட்டு. பிறகு "பூ" என்று ஓர் ஊதல். பிறகு "ஹலோ, ஹலோ, செக், ஒன், டூ, த்ரீ." நான் சொல்ல, சேகர் கேட்டார். சேகர் சொல்ல, நான் கேட்டேன். ஒன்பது மைக்கிலும் இரண்டு சுற்று முடிந்தபோது மணி பதினொன்று பத்து. குரோம் மைக்கில் என் ஹலோ வானொலி அறிவிப்பாளர் மாதிரி கம்பீரமாக விழுந்தது. முந்நூற்று ஐம்பது வெள்ளி கேட்டார். நான் பணப்பையைத் தொட்டேன்.

அப்போது வாசலில் புஷ்பா.

"ஏங்க, ஒரு மணி நேரமா ரெண்டு ஆம்பளைங்க மாத்தி மாத்தி ஹலோ சொல்லிக்கிறீங்களே, இன்னும் பழக்கமாகலியா?"

சேகர் பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார். "அக்கா, அண்ணன் உங்க பாட்டுக்குத்தான் மைக் பார்க்குறாரு."

புஷ்பா லேப்டாப்பைப் பார்த்தாள். கீழே கிடந்த சாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் பாட்டுக்கா? அப்ப ஏன் உங்க தொண்டையில டெஸ்டிங் பண்றீங்க? கோயில்ல ஒன் டூ த்ரீ பாடப்போறது யாரு, நீங்களா?"

ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருபது வருடமாக இருப்பவன் நான். அடுத்தவர் காலுக்குச் செருப்பு வாங்க என் காலை விட்டு அளந்திருக்கிறேன்.

ஆனால் சேகர் கெட்டிக்காரர். அவள் பேச ஆரம்பித்ததுமே ஒன்றாம் எண்ணை அவள் கையில் மெதுவாகக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பில் பதிவை ஓடவிட்டார். கோபத்தில் இருக்கிறவள் கைக்கு எது வந்தாலும் பிடித்துக்கொள்வாள். மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில், பாடுகிறவர் பழக்கத்தில், சரியாகப் பிடித்துக்கொண்டு திட்டினாள். முதல் மைக்கில் டுரியான் பொய். அது முடிந்து மூச்சு வாங்கும்போது சேகர் ஒன்றை உருவி இரண்டைக் கொடுத்தார். அதில் தொள்ளாயிரம் வெள்ளி கண்டென்சர். மூன்றில் என் அக்கா. நான்கில் இரண்டு வருடமாக ஒழுகும் குழாய். ஐந்தில் மறுபடியும் என் அக்கா. ஆறில் அவள் குரல் திடீரென்று தணிந்தது.

"நான் பாடமாட்டேன்னு சொன்னா விட்டுட வேண்டியதுதானே. எனக்கு மட்டும் ஆசையில்லையா? வாயத் தொறந்தா வேற யாரோ வர்றா. உங்களுக்கு அது புரியுதா?"

அந்த நேரம் பின்னால் ரயில் கடந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. சேகரும் ஏழு, எட்டு, ஒன்பது என்று நிறுத்தவில்லை. ஹலோ சொன்னபோது உயிரோடு இருந்த ஒன்பதாம் மைக், அவள் கைக்கு வந்ததும் செத்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் திட்டு மட்டும் பதிவாகவில்லை. அது என் சம்பளம் பற்றியது, நல்லதாய்ப் போயிற்று.

"முடிஞ்சுதா அக்கா?" என்றார் சேகர்.

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். "அலமாக்! இதெல்லாம் ரெக்கார்டு பண்ணீங்களா?"

"ஒரே ஒரு தடவ கேளுங்க அக்கா. அப்புறம் அழிச்சிடறேன்."

எட்டையும் ஒரே அளவு சத்தத்துக்குச் சரி செய்து வைத்தார். இது முக்கியம். இல்லையென்றால் சத்தம் கூடுதலாக வருகிற மைக்தான் நல்ல மைக் என்று காது ஏமாந்துவிடும். புஷ்பா நின்றபடியே ஹெட்ஃபோனை மாட்டினாள். என் காதலி குரோமில் அவள் குரல் பிஸ்கட் டின்னுக்குள் இருந்து வந்தது. நான்கில் ஒவ்வொரு "ஸ"வும் ஊசி. அவள் முகம் பழையபடி இறுகியது. கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். ஆறு வந்தது.

கை ஹெட்ஃபோன் மேலேயே நின்றது. ரயில் எங்கேயோ தூரத்தில் முனகியதோடு சரி. முன்னால் அவள் குரல், கரகரப்பு உள்ளேதான் இருந்தது, ஆனால் உரசவில்லை. முடிந்ததும் "அத இன்னொரு தடவ" என்றாள். சேகர் போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார்.

"இது நான்தான்" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

எண்பது வெள்ளி. நான் அறுபதுக்குக் கேட்டேன். "கேட்டதக் குடுங்க" என்று புஷ்பா சொல்லிவிட்டாள். மீன்காரர் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். லாபிஸில் வாழையிலைச் சாப்பாடு, இரண்டு பேருக்கு இருபத்தாறு வெள்ளி. அங்கிருந்து பெக்கோக் அரைமணி நேரம். நாலு டுரியான், ஐம்பத்தைந்து வெள்ளி, கடைக்காரர் முன்னாலேயே உடைத்துக் கொடுத்தார். ஒன்று நல்லது, இரண்டு சுமார், ஒன்று எனக்கு. வீடு திரும்ப ஐந்தேகால். டோலும் பெட்ரோலும் சேர்த்து எழுபது வெள்ளியில் முடிந்தது. வழியில் அவள் பாடவில்லை. நானும் கேட்கவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு, நான் பட்டதிலிருந்து சில. மைக்கை ஊதாதீர்கள், தட்டாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய தகடு, எச்சில் அதற்கு எதிரி. தலையில் உள்ள கம்பி வலையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு நாள்பட்டுப் பொடியாகியிருக்கும், அதை மாற்ற ஐந்து வெள்ளி போதும், விலையைக் குறைக்க அதைக் காரணமாகச் சொல்லலாம். பழையதுகளின் பிளக் இன்றைய வயருக்குச் சேராது, இணைப்பி ஒன்று கொண்டுபோங்கள். டைனமிக்கில் வரும் ஒலி பலவீனம், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பதிவுப் பெட்டியில் நன்றாக ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். ஏற்றியதும் இரைந்தால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள், என்னுடையது போல மலிவுப் பெட்டியாக இருக்கும். சப்பிய தலையைப் பார்த்து ஒதுக்காதீர்கள், குரோமைப் பார்த்து மயங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் பாடப்போகிறாரோ அவரைக் கூட்டிப்போங்கள். பாட மறுத்தால் கோபப்படுத்துங்கள். அது உங்கள் சாமர்த்தியம்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் புஷ்பா அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளைப் பார்த்தபடி நின்று பாடினாள். எதிரொலியைத் துணி குடித்துவிடும். நாலாவது தடவை சரியாக வந்தது. செயலாளருக்கு அனுப்பினேன். அரைமணி கழித்து, "அக்கா குரல் இப்ப இன்னும் நல்லா இருக்கே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். மீன் மைக் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது லோரோங் வரைக்கும் போய்விடும்.

திங்கட்கிழமை காலை கைத்தொலைபேசி மணிக்கு முன்னாலேயே விழித்துவிட்டேன். சமையலறையிலிருந்து பாட்டு. பல் விளக்கியபடி குளியலறைக் கதவோரம் நின்று கேட்டேன். பாட்டு பாதியில் நின்றது.

"ஏங்க, அந்தக் குழாய மூடுங்க. ரெக்கார்டிங்ல விழுது."

எட்டிப் பார்த்தேன். அரிசி டப்பாவின் மேல் மைக்கைச் சாய்த்து வைத்திருந்தாள்.

குழாயை மூடினேன். அது இரண்டு வருடமாக ஒழுகுகிற குழாய், முழுசாக நிற்காது. அன்று மாலையே ஆள் வரவழைத்துவிட்டேன்.