ஒன்பது பேருக்கு மளிகை

குடும்பத் தலைவி உத்தியோகத்தில் யாரும் சொல்லித் தராத பகுதி, மாதச் சாமான் வாங்குவது. சமையல் தப்பினால் ஒரு வேளையோடு போய்விடும். சாமான் தப்பினால் மாதம் முழுக்க அலமாரியில் உட்கார்ந்து நம்மையே பார்க்கும். உங்களையும் பார்த்திருக்கும். குழந்தை தூங்கிவிட்டது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

லிஸ்ட்

கல்யாணமாகிக் கடலூரில் குடிவந்த முதல் மாதம். எனக்குத் தெரிந்த மளிகை லிஸ்ட் ஒன்றே ஒன்றுதான். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று, சிதம்பரத்தில் அப்பா சொல்லச் சொல்ல எட்டாம் வகுப்பிலிருந்து நான் எழுதியது. சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர் உள்ள வீடு அது. அதையே மனப்பாடமாக எழுதிக்கொண்டு போனேன். துவரம் பருப்பு ஐந்து கிலோ, உளுந்து நாலு, ரவை மூன்று, அரிசி இரண்டு சிப்பம். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று அம்மாவைக் கேட்கலாம். ஆனால் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அம்மா என் போனை எடுப்பதில்லை.

கடைக்காரர் லிஸ்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, புதுசா மெஸ் ஆரம்பிச்சிருக்கியா?" என்றார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். கான்வென்ட் பழக்கம், பெரியவர்கள் எது கேட்டாலும் முதலில் "ஆமாம்" என்று வந்துவிடும். வந்துவிட்டது. அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "மெஸ் அக்கா வந்திருக்காங்க, ஒரு ஸ்டூல் எடுத்துப் போடு!"

பைகள்

பாலிதீன் கவர் வேண்டாமென்று வீட்டிலிருந்தே துணிப்பை கொண்டுபோவேன். ஒரு சாமானுக்கு ஒரு பை. கடைக்காரரும் நேரே அதிலேயே நிறுத்துக் கட்டிவிடுவார். இதை என் நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் இருநூற்றைம்பத்தெட்டுப் பைகள் இருந்தன, அவ்வளவுதான்.

எல்லாம் எங்கள் தாம்பூலப் பை. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் 'ஸ்டெல்லா – குமரவேல்'. ரிஜிஸ்டர் ஆபீஸ் முடிந்து சாப்பாடு போடுவதற்கு, என் வீட்டார் நடந்தே வந்துவிடட்டும் என்று சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மண்டபம் பிடித்திருந்தார் என் வீட்டுக்காரர். முந்நூறு பை அடித்தார். வந்தது அவர் கம்பெனி ஆட்கள் நாற்பத்திரண்டு பேர்.

கடையில் ஓர் அம்மா பையைத் தடவிப் பார்த்து, "கெட்டித் துணி. கல்யாணத்துக்கு எத்தினி பேர் வந்தாங்க?" என்று கேட்டார். முந்நூறு என்றேன். அந்த அம்மா பெருமூச்சு விட்டார்: "ரெண்டு பக்கமும் கூடி வர்றதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்மா."

வண்டு

மெஸ் என்று சொன்ன பிறகு அரைக் கிலோ கேட்க முடியுமா? மாதாமாதம் அதே லிஸ்ட்தான் போயிற்று. பரண் மேல், கட்டிலுக்கடியில், ஆணியில் என்று எங்கு பார்த்தாலும் மஞ்சள் பை. துணிப் பையிலேயே விட்டுவைத்தால் மூன்றாம் வாரம் வண்டு வரும் என்பதும் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் குடிகாட்டுப் பக்கம் இருக்கும் கம்பெனிக்குக் கிளம்பியதும் சலிப்பேன், வெயிலில் போடுவேன். அப்படியும் தீராததை யாரும் பார்க்காமல் கொட்டிவிடுவேன்.

தட்டில் ஒரு பருக்கை விட்டாலும் சிஸ்டர் பக்கத்திலேயே நின்று சாப்பிட வைத்த பள்ளியில் படித்தவள் நான். கொட்டும்போது சிஸ்டர் பின்னாலேயே நிற்பதுபோல் இருக்கும். வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. என்னால் அவருக்கும் அவர் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. குடும்பம் நடத்தத் தெரியாத இவளுக்காகவா எல்லாரையும் விட்டோம் என்று ஒரு நாள் அவர் நினைத்துவிட்டால், நான் எங்கே போவேன்?

ஒரு நாள் வேலியோரம் உளுந்தைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தால், பின் போர்ஷன் அஞ்சலை அக்கா. இறால் உரிக்கும் கம்பெனியில் தினக்கூலி. மூன்று பிள்ளைகள். கீழே கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டவில்லை. "வண்டு வுழுந்தா பொடைச்சு எடுத்து ஆக்கித் தின்னுட்டுப் போறோம். கொட்றதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடுக்கக் கூடாதா கண்ணு?"

சாப்பாடு

பையன் பிறந்து நாலு மாதம். மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கையில் டிபன் கேரியரோடு ஓர் இளைஞர், மேல்பட்டாம்பாக்கத்துக்காரராம். "அக்கா, இங்க சாப்பாடு போடறீங்கன்னு மளிகைக் கடையில சொன்னாங்க."

இல்லை என்று சொன்னால் கடைக்காரரிடம் சொன்னது பொய்யாகிவிடும். இடுப்பில் குழந்தையோடு உள்ளே போய், இருந்த சோற்றையும் சாம்பாரையும் கேரியரில் போட்டேன். காசு வேண்டாம், இன்றைக்கு முதல் நாள் என்று இன்னொரு பொய். கேரியரை வாங்கிக்கொண்டவர் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "குமரவேலா? எங்க சூப்பர்வைசர் பேராச்சே! சார் மெஸ் வச்சிருக்கிறதா ஒரு வார்த்தை சொல்லலையேக்கா, நாளைக்கு எல்லாரையும் கூட்டியாறேன்!"

ரெண்டேகால்

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். மெஸ் விஷயம் கம்பெனியிலேயே அவர் காதுக்கு எட்டியிருந்தது; மத்தியானம் யாரும் சாப்பிட வரவில்லை. பரணிலிருந்து பைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு பையை அவிழ்த்துக் கையை விட்டார். கையில் வண்டு ஊர்ந்தது.

"இது யாருக்கு வாங்கின சாமான்?"

"எங்க வீட்டு லிஸ்ட். வேற எனக்குத் தெரியாதுங்க."

"உங்க வீட்ல எத்தினி பேரு?"

"ஒம்போது."

திட்டியிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். அவர் ரவைப் பையைத் திரும்பக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, இரண்டு முறை கட்டினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவுங்க வரமாட்டாங்க ஸ்டெல்லா. நாம ரெண்டேகால் பேருதான், ரெண்டேகாலுக்கு எழுது."

கடை

எழுதினேன். துவரம் பருப்பு ஒரு கிலோ, உளுந்து முக்கால், ரவை கால். நல்லதாக மிஞ்சியிருந்ததை அஞ்சலை அக்காவிடம் கேட்டே கொடுத்தேன். பிறகு கடைக்குப் போனேன். மாதம் பிறந்த கூட்டம். "என்ன மெஸ் அக்கா, வியாபாரம் டல்லா?" என்றார் கடைக்காரர். அன்றைக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் மெஸ்ஸே வைக்கவில்லை, முதல் நாள் பயத்தில் சொன்ன பொய் அது என்று, எல்லாருக்கும் கேட்கும்படியே சொல்லி முடித்தேன். காது சுட்டது.

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோபமே இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "அப்ப ஒண்ணரை வருஷமா அம்மாம் பருப்பையும் யாரும்மா தின்னது?"

எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று சரியாக எண்ணிச் சொல்ல, எனக்கு ஒன்றரை வருஷமும் ஒரு மூட்டைக்குக் குறையாத துவரம் பருப்பும் செலவாயின.