பத்து நாள் மருந்து

என் மகள் மைமூன் தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி எழுந்தாள். எட்டு வயதுப் பிள்ளை அப்படி எழுவதைச் சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நடக்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கின.

தாராவியில் எங்கள் வீட்டருகே இருந்த டாக்டர், ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகி வளைவது) என்றார். ஒரு வருடம் மீனெண்ணெய் கொடுத்தோம். கால் இன்னும் வளைந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. அவள் வாப்பாவுக்குத் தோல் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் மட்டும் போனோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு ஹிந்தியில் எண்கள் மட்டும்தான் தெரியும். காய்கறி வாங்கிப் பழகியவை. அங்கே எங்களைப் பார்த்த டாக்டரம்மா மராட்டிக்காரர். அவர் ஹிந்தியில் சொல்வதை, தெருப்பிள்ளைகளோடு விளையாடி ஹிந்தி பழகிய மைமூன்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"நான் நெறைய தண்ணி குடிக்கேனான்னு கேக்காவ."

"ஆமா, செம்பு செம்பா குடிக்கேன்னு சொல்லு."

அதை அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள், காலுக்கு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். மறுவாரம் போனபோது மைமூன் சொன்னாள்: "கோளாறு எலும்புல இல்லியாம். கிட்னியிலயாம்."

என் முகத்தைப் பார்த்த டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். சிறுநீரகம் நின்றுவிடவில்லை, ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் தேங்குவது) என்று பெயர். அந்த அமிலத்தைத் தணிக்க எலும்பு கரைகிறது. அதனால் ஒரு மருந்துநீரைத் தினமும் மூன்று வேளை குடிக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு என்று கேட்கச் சொன்னேன். பதிலைக் கேட்ட மைமூன் கொஞ்சம் யோசித்தாள். "பத்து நாளாம்" என்றாள்.

பத்தாம் நாள் கால்வலி குறைந்திருந்தது. சந்தோஷமாக மருந்தை நிறுத்தினேன். அடுத்த மாதம் டாக்டரிடம் போகவேண்டிய நாளில் அவளால் எழவே முடியவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன்.

கொண்டுபோன பாட்டிலில் பாதிக்கு மேல் மருந்து மிச்சமிருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ஜிந்தகி பர்." பத்துக்கு ஹிந்தியில் தஸ். அவர் சொன்னதில் தஸ் இல்லை.

"என்னட்டி சொல்லுதாவ?"

"ஆயுசு பூராவும் குடிக்கணுமாம்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னாவளா?"

"ஆமா. நீ அழுதுருவேன்னுதான் உம்மா பத்து நாளுன்னேன். மருந்தும் நல்லாவே இல்ல."

எனக்கு அழுகை வரவில்லை. கிட்னி என்று கேட்ட நாளிலிருந்து பிள்ளை பிழைப்பாளா என்ற பயம்தான் உள்ளே கிடந்தது. ஆயுசுக்கும் மருந்து என்றால் ஆயுசு உண்டு. மூன்றுக்கு ஹிந்தியில் தீன். "தீன் டைம், ஜிந்தகி பர்" என்று நானே டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

இதே நோயுள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களுக்குச் சொல்வேன்: டாக்டர் சொல்வதைப் பிள்ளை வழியாகக் கேட்காதீர்கள். நமக்கு வலிக்கக்கூடாது என்று அவர்களும் பார்க்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். முதல் படத்தில் கிழிந்த துணிபோல இருந்த எலும்பு முனைகளில், எலும்பு இறுகுவதற்கு அடையாளமாகத் தெளிவான வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கால்கள் முழுக்க நேராகவில்லை. ஆனால் ஆபரேஷன் தேவைப்படவில்லை.

பன்னிரண்டு வயதில் அவள் என் தோளுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் ரயில்வே மேம்பாலத்தில் எனக்கு முன்னால் ஏறிப் போனாள். பாதிப் படியில் நான் கைப்பிடியைப் பிடித்து நின்றேன். அத்தனை வருடம் அவள் எலும்பையே பார்த்திருந்ததில், என் முழங்காலுக்கு வயதானதைக் கவனிக்கவில்லை.

மேலே நின்று திரும்பிப் பார்த்தாள். "மெல்ல வா உம்மா. இந்த ரயிலு போனா அடுத்தது வரும்."