பத்மினி மேடம் போட்ட 1.1

எங்க காலேஜுல இருந்து கடலைப் பார்க்கணும்னா பஸ்ல மூணு மணி நேரம் போவணும். ஆனா எங்க சிவில் டிபார்ட்மெண்ட் பசங்க கடல் அலை ஏறி இறங்கறதை அளக்கறதுல மூணுக்கு 2.8 வாங்கிக்கினு இருந்தாங்க. ஒரு வருஷம் இல்ல, நாலு வருஷம். டைப் பண்ணது நான்தான், அதனால எனக்குத் தெரியும்.

என் பேரு நளினி. நகரிக்காரி. வீட்டுல நாலு பவர்லூம் ஓடுது. அந்தச் சத்தத்துலயே வளர்ந்தவளுக்குக் குரல் கொஞ்சம் ஒசத்தி, பொறுமை கொஞ்சம் கம்மி. திருப்பதி - புத்தூர் ரோட்டுல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜுல டைப்பிஸ்டு. சிவில் டிபார்ட்மெண்ட் ஃபைல் எதுவா இருந்தாலும் என் கையிலதான் பைண்டிங் ஆவும். ஆனா நான் சொல்ல வந்தது என் கதை இல்ல, பத்மினி கதை. சர்வே பாடம் எடுத்தவங்க. தமிழ்நாட்டு பார்டரை ஒட்டின கிராமம். அவங்க நைனா வீராசாமி கரும்பு வெட்டற கூலி, முதுகு போயி ரெண்டு வருஷமா கட்டில்ல இருக்கறாரு. வீடு நடந்தது பத்மினி சம்பளத்துலதான். என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க. ஆபீஸ்ல எனக்கு அவங்க மேடம், பஸ் ஏறினா பத்மினி. நான் அவங்களுக்கு எப்பவும் நளினிக்கா.

கோர்ஸ் அவுட்கம்னா இன்னான்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். ஒரு பாடம் முடியறப்ப பசங்களுக்கு இன்னா இன்னா செய்யத் தெரியும்னு முன்னாடியே நாலஞ்சு வரி எழுதி வைக்கணும். வருஷக் கடைசியில அது நடந்துச்சா இல்லையான்னு மூணுக்கு இத்தனைன்னு ஒரு நம்பர் போடணும். நம்பர் கம்மியா வந்தா இன்னா பண்ணீங்கன்னு ஒரு பக்கம் எழுதணும். அவ்ளோதான். நல்ல விஷயம்தான். எங்க காலேஜுல அதை எப்படிச் செய்வாங்கன்னா, வேற ஏதோ காலேஜு வெப்சைட்டுல இருந்து எடுத்து, காலேஜ் பேரை மட்டும் மாத்தச் சொல்லி எங்கிட்டக் குடுப்பாங்க. நானும் மாத்துவேன். சர்வே பாடத்துக்கு எடுத்தது கடலோரத்து காலேஜு போல. அங்க பசங்க நிஜமாவே அலையை அளப்பாங்களோ இன்னாவோ. இங்க அளக்காமலே 2.8.

பத்மினி சேர்ந்த வருஷம் அந்த ஃபைலை எடுத்துக்கினு நேரா என் டேபிளுக்கு வந்தாங்க.

"நளினிக்கா, அஞ்சாவது அவுட்கம் படிச்சீங்களா? கடல் அலையை அளக்கறதாம்!"

"டைப் பண்ணேன். படிக்கல."

அவங்க சிரிக்கல. அன்னிக்கே உக்காந்து புதுசா நாலு வரி எழுதினாங்க. மொத வரி இதுதான்: ஒவ்வொரு மாணவரும் தனியாக, பத்து நிமிடத்துக்குள், லெவல் மிஷினை ஸ்டாண்டில் வைத்து, இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு மேடு பள்ளம் என்று ஒரு சென்டிமீட்டர் தப்பாமல் சொல்லுவார்.

எச்.ஓ.டி. சுரேஷ்பாபு சார் அதைப் படிச்சுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாரு. கெட்டவரு இல்ல. பிபி மாத்திரை துன்னுக்கினு இருக்கற மனுஷன், எதுவும் சத்தம் வராம நடந்தா போதும் அவருக்கு.

"ஏமண்டி மேடம், 'தனியாக'ன்னு ஏன் போட்டீங்க? எந்த காலேஜுலயும் இந்த வார்த்தை இல்லையே."

"அது இல்லாததாலதான் சார் போட்டேன்."

எதுக்கு இந்தப் பிடிவாதம்னு நான் பஸ்ல கேட்டேன். புத்தூர் தாண்டறதுக்குள்ள சொல்லி முடிச்சுட்டாங்க. அவங்க படிச்சப்ப சர்வே லேப்ல பன்னெண்டு பேருக்கு ஒரு மிஷின். ஒரு பையன் ஸ்க்ரூவைத் திருப்புவான், ஒருத்தன் கண்ணு வெச்சுப் பார்ப்பான், ஒருத்தன் தூரத்துல அளவுக் கட்டையைப் புடிச்சுக்கினு நிப்பான். பொண்ணுங்க நோட்டு எழுதுவாங்க. பொண்ணுங்க கையெழுத்துதான் அழகா இருக்குமாம். பன்னெண்டு பேருக்கும் இருபத்தஞ்சுக்கு இருபத்திநாலு. பத்மினி அந்தப் பாடத்துல காலேஜ் ஃபர்ஸ்டு. மொத வேலை ஏர்பேடு பக்கம் ஒரு கால்வாய் சைட்டு. மொத நாளே மேஸ்திரி மிஷினைக் கையில குடுத்து, "வையும்மா"ன்னாரு. அவங்களுக்கு ஸ்டாண்டோட காலை விரிக்கவே தெரியல. அரை மணி நேரம் நாப்பது கூலிக்காரங்க நின்னு பார்த்துக்கினு இருந்தாங்களாம். அந்த நாப்பது பேர்ல அவங்க ஊருக்காரங்களும் நாலு பேரு. சாயங்காலம் இனிமே வரவேணாம்னு சொல்லிட்டாங்க.

"என் சர்டிபிகேட் பொய் சொல்லலக்கா. லேப்ல நடந்ததைத்தான் சொல்லுது. நான் நல்லா நோட்டு எழுதினேன்."

பேச்சை மாத்தணும்னு பல்லி மிட்டாய் வாங்கினேன். அவங்க வேணாம்னுட்டாங்க, நானே துன்னேன்.

நவம்பர்ல அவங்க டெஸ்டு வெச்சாங்க. ஹாஸ்டல் பின்னாடி கிரவுண்டு, அறுபத்தோரு பசங்க, ஒவ்வொருத்தரா. நாலு நாள் ஆச்சு. மிஷினுக்கு ஒரு குடை, பத்மினிக்குக் குடை இல்ல. செஞ்சு முடிச்சது இருபத்திரெண்டு பேரு. மீதி முப்பத்தொன்பது பேருக்கு வரல. ஹரிதான்னு ஒரு பொண்ணு, மிஷினைத் தொட்டதுமே கையை எடுத்துட்டு, "மேடம், நான் நோட்டு எழுதறேன் மேடம்"னு அழுதுச்சு. பத்மினி மொகத்தை நான் அப்பப் பார்த்தேன். ஸ்டாஃப் ரூமுக்குப் போயி கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கினாங்க.

கம்ப்யூட்டர்ல போட்டா 1.1 வந்துச்சு. மத்த எல்லா ஃபைலும் 2.8. கணக்குப் பாடம் 2.8, இங்கிலீஷ் 2.8, சுற்றுச்சூழல் 2.8. நடுவுல இது ஒண்ணு 1.1.

பிப்ரவரியில அங்கீகாரம் குடுக்கற கமிட்டி வரப் போவுதுன்னு காலேஜுக்கே பெயிண்ட் அடிச்சுக்கினு இருந்தாங்க. சுரேஷ்பாபு சார் பத்மினியைக் கூப்புட்டு நேராவே சொன்னாரு. நான் அங்கதான் ஸ்டேப்ளருக்குப் பின்னு போட்டுக்கினு இருந்தேன்.

"மேடம், உங்க கான்ட்ராக்ட்டு ஜூன்ல முடியுது. இந்த நம்பரோட ஃபைல் போனா, ரென்யூவலுக்கு நான் இன்னான்னு எழுதறது?"

"சார், முப்பத்தொன்பது பேருக்குத் தெரியல. அதான் நம்பர்."

"தெரியலன்னா 2.8 போட்டுட்டு அப்புறம் சொல்லிக் குடுங்க."

"சொல்லிக் குடுத்துக்கினுதான் சார் இருக்கேன்."

அது உண்மை. டிசம்பர்ல இருந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த முப்பத்தொன்பது பேரும் கிரவுண்டுல நின்னாங்க. ஆனா ரூல்படி நம்பர்னா டெஸ்டுல வந்ததுதான். அப்புறம் செஞ்சது 'எடுத்த நடவடிக்கை' பக்கத்துல போவும். மத்த ஃபைல்ல அந்தப் பக்கத்துல 'மேலும் பயிற்சி அளிக்கப்படும்'னு ஒரு வரி இருக்கும். பத்மினி தேதி போட்டு, பேரு போட்டு, இன்னிக்கு இவங்களுக்கு வந்துச்சு, இவங்களுக்கு வரலன்னு மூணு பக்கம் எழுதியிருந்தாங்க. பிப்ரவரிக்குள்ள அறுபத்தோரு பேர்ல ஐம்பத்தொண்ணு பேருக்கு வந்துடுச்சு. ஹரிதா பேரு கடைசி சனிக்கிழமையிலதான் வந்துச்சு.

சார் எங்கிட்ட 2.8 போட்டு ஒரு பிரிண்ட் எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். எனக்கும் வேலை வேணும். ஆனா பத்மினி அதுல கையெழுத்துப் போடல. 1.1ல போட்டிருந்தாங்க. கையெழுத்து இல்லாத ஃபைல் கமிட்டி டேபிளுக்குப் போவக் கூடாதுன்னு அதே சார் போன மாசம் எனக்கு மெமோ குடுத்திருந்தாரு. அதனால கையெழுத்து இருக்கறதைப் பைண்ட் பண்ணி வெச்சேன். தைரியம்னு யாரும் என்னைப் புகழ வேணாம். மெமோ, அவ்ளோதான்.

கமிட்டியில ஒரு வயசான புரொஃபசரம்மா. முப்பது ஃபைல் புரட்டினாங்க, 2.8, 2.8, 2.8. பத்மினி ஃபைல் வந்ததும் கண்ணாடியைத் துடைச்சுக்கினாங்க. அப்புறம் பக்கத்து செக்‌ஷன் சர்வே ஃபைலையும் எடுத்தாங்க. அது சுரேஷ்பாபு சார் எடுக்கற செக்‌ஷன். பழைய ஃபைல், அலை அப்படியே இருக்குது.

"இங்க கடல் எங்க இருக்கு?"

"ஃபீல்டு விசிட்டு மேடம்."

"எப்போ போனீங்க?"

"போகப் போறோம் மேடம்."

"போறதுக்கு முன்னாடியே 2.8 வந்துடுச்சு. சந்தோஷம்."

அம்மா சிரிக்கவே இல்ல. எழுதிக்கினாங்க.

ஏப்ரல்ல ரிப்போர்ட்டு வந்துச்சு. ஒரே ஒரு பாடத்தோட ஃபைல்தான் நம்பற மாதிரி இருக்குது, மத்தவங்க அதைப் பார்த்துக் கத்துக்கணும்னு எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வரியில பத்மினி வேலை தப்பிச்சுது. ஜூன்ல ரென்யூவல் வந்துச்சு. நான் லட்டு வாங்கினேன், இந்த வாட்டி அவங்களும் துன்னாங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம். பிரின்சிபால் சர்க்குலர் போட்டாரு: எல்லாரும் சர்வே ஃபைலை முன்மாதிரியா வெச்சு எழுதணும். எங்க ஆளுங்களுக்கு முன்மாதிரின்னா இன்னான்னு உங்களுக்கே தெரியும். அடுத்த வருஷம் மே மாசம் ஃபைலெல்லாம் என் டேபிளுக்கு வந்துச்சு. கணக்கு 1.1. இங்கிலீஷ் 1.1. சுற்றுச்சூழல் 1.1. 'எடுத்த நடவடிக்கை' பக்கத்தைத் திருப்பினேன். இங்கிலீஷ் ஃபைல்ல, சனிக்கிழமைதோறும் மாணவர்களுக்கு லெவல் மிஷின் பயிற்சி அளிக்கப்பட்டதுன்னு இருக்குது. ஐயோ கடவுளே! பேரு கூட மாத்தல. இங்கிலீஷ்ல ஹரிதாவுக்குக் கடைசி சனிக்கிழமை ஸ்டாண்டு வைக்க வந்துச்சாம். எனக்கு வந்த கோவத்துல பஞ்சிங் மிஷினை ஓங்கி ஒரு அடி அடிச்சேன். விரல்ல ரத்தம் வந்துச்சு.

அந்த வருஷம் பத்மினிக்கு வந்த நம்பர் 2.2. முன்னாடியே சனிக்கிழமை பயிற்சி ஆரம்பிச்சிருந்தாங்க, அறுபது பேர்ல நாப்பத்திநாலு பேரு டெஸ்டுலயே செஞ்சுட்டாங்க. இப்படி நெசமா ஏறின நம்பர் எங்க காலேஜுல அது ஒண்ணுதான்.

சுரேஷ்பாபு சார் மறுபடியும் கண்ணாடியைக் கழட்டினாரு.

"மேடம், எல்லா ஃபைலும் 1.1 இருக்கு. உங்களுது மட்டும் 2.2. கமிட்டிக்கு 1.1தான் புடிச்சுது. கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

பத்மினி விடல. "சார், போன வருஷம் ஏத்தச் சொன்னீங்க."

"போன வருஷம் போன வருஷம், மேடம்."

அவங்க 2.2ல கையெழுத்துப் போட்டாங்க. நான் 2.2ஐயே பைண்ட் பண்ணேன். யாரு பண்ணதுன்னு சார் கேட்டாரு. "நான்தான் சார்"னேன். இந்த வாட்டி என் கையில மெமோ எதுவும் இல்ல.

ஜூன்ல ரென்யூவல் லிஸ்ட்டு வந்துச்சு. பத்மினி பேரு இல்ல. காரணம்னு ஒரு தாளு: முன்மாதிரி ஃபைலைப் பின்பற்றவில்லை. முன்மாதிரி ஃபைலு யாருது? அவங்களுது. அவங்க எழுதினதைப் பார்த்து எழுதுங்கன்னு போட்ட சர்க்குலரை மதிக்காத ஒரே ஆளு அவங்கதானாம். பிரின்சிபால் ரூம் வாசல் வரைக்கும் போயி கத்திட்டு வந்தேன். உள்ள ஏசி ஓடிக்கினு இருந்துச்சு, கேட்டிருக்காது.

போறவங்க பாக்கி எதுவும் இல்லைன்னு நோ-டியூஸ் பாரம் ஒண்ணு நிரப்பணும். லைப்ரரி, கேன்டீன், ஹாஸ்டல்னு பதினோரு கையெழுத்து. பத்மினி எல்லாம் வாங்கிக்கினு வந்து என் டேபிள் முன்னாடி உக்காந்தாங்க. அடையாள அட்டையைக் கழட்டிக் குடுத்தாங்க. வீட்டுல நைனாகிட்ட இன்னும் சொல்லலன்னாங்க. அந்த அட்டையை டிராயர்ல போட எனக்குக் கை வரல.

அப்ப அவங்க போன் அடிச்சுது. ஹரிதா. இன்டர்ன்ஷிப்புக்கு நாராயணவனம் பக்கம் ரோடு வேலைக்குப் போயிருந்துச்சு. சத்தமா பேசற பொண்ணு, எனக்கே எல்லாம் கேட்டுச்சு.

"மேடம், வந்ததும் நோட்டைக் குடுத்து எழுதும்மான்னாங்க மேடம். நான் மிஷினைக் குடுங்க சார்னு கேட்டுட்டேன்!"

"வெச்சியா?"

"வெச்சேன் மேடம். ஏழு நிமிஷம். இன்ஜினியர் சாரு இன்னொரு வாட்டி அளந்து பார்த்தாரு, ரெண்டு மில்லிதான் வித்தியாசம். இப்ப நோட்டு இங்க ஒரு பையன் எழுதறான் மேடம், கையெழுத்து நல்லாவே இல்ல!"

பத்மினி, "மிஷினுக்குக் குடை புடிச்சாங்களாடி?"ன்னு மட்டும் கேட்டாங்க. வேலை போனதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. போனை வெச்சுட்டு, துப்பட்டாவால மொகத்தை அழுத்தித் துடைச்சுக்கினாங்க.

எங்க ஃபைல் எல்லாத்துலயும் கடைசியில 'சான்று'ன்னு ஒரு பக்கம் இருக்கும். இத்தனை வருஷத்துல அதுல யாரும் எதுவும் எழுதினதில்ல, காலியாவே பைண்ட் பண்ணுவேன். நான் பீரோவைத் திறந்து பத்மினியோட போன வருஷத்து 1.1 ஃபைலை எடுத்தேன். பேனாவாலயே எழுதினேன்: ஹரிதா, நாராயணவனம், தனியாக, ஏழு நிமிடம்.

"இதுல கையெழுத்து யாருது?"ன்னு கேட்டேன்.

பத்மினி ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க, தேதியும் போட்டாங்க. அந்த நேரத்துக்கு அவங்க காலேஜு ஸ்டாஃப் இல்ல, ரூல்படி அந்தக் கையெழுத்து செல்லாது. நான் சீல் வெச்சுட்டேன்.